வேலூருக்குள் வீடு மாற்ற பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ் வேண்டுமா?

கேள்வி இதுதான். சத்துவாச்சாரியில் முதல் மாடியில் இருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, காட்பாடி காந்தி நகரில் இரண்டாம் மாடிக்குக் குடிபோகிறீர்கள். இரண்டு படுக்கையறைச் சாமான். வயதான மாமனார், மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். கணவர் பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ் கம்பெனியிடமே மொத்தமாக விட்டுவிடலாம் என்கிறார். மாமனாரோ, "பாலாத்தைத் தாண்டிப் போறதுக்கு இவ்வளவு காசா? ஒரு குட்டி யானை, நாலு ஆள், முடிஞ்சது" என்கிறார். ஒன்றிரண்டு வருடத்தில் பெங்களூருக்கு மாற்றல் வரலாம், அப்போது என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இந்தத் தடவை மாமனார் பக்கம்தான் நியாயம் அதிகம். வண்டியையும் லோடுமேன்களையும் நீங்களே பேசிப் பிடியுங்கள். ஏசி கழற்ற ஒரு மெக்கானிக், கட்டிலுக்கு ஒரு தச்சர், இந்த இரண்டு பேரை மட்டும் தனியாக வரச் சொல்லுங்கள். பெங்களூருக்குப் போகும்போது கணவர் சொல்வது சரியாக வரும், ஆனால் அங்கே வேறு சில கண்ணிகள் இருக்கின்றன. லாரி புக்கிங் ஆபீசில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் இரண்டையும் விளக்கமாகவே சொல்கிறேன்.

பெரும்பாலானவர்கள் கிலோமீட்டரை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். பக்கத்துத் தெரு என்றால் நாமே, வெளியூர் என்றால் கம்பெனி. இந்தக் கணக்கு பாதிதான் சரி. வண்டியில் ஒழுங்காக அடுக்கி, கயிறு போட்டு இறுக்கிவிட்டால் ரோட்டில் சாமானுக்கு ஒன்றும் ஆகாது. பீரோ நசுங்குவது மாடிப்படித் திருப்பத்தில். டிவி உடைவது வாசல்படியில். கிரைண்டர் கல் யார் காலிலாவது விழுவது வண்டியில் ஏற்றும்போது. ஆகவே எண்ண வேண்டியது, ஒவ்வொரு சாமானும் எத்தனை முறை கையால் தூக்கப்படுகிறது, எத்தனை படி ஏறுகிறது, தூக்குகிறவனுக்கு அந்த வேலை தெரியுமா என்பதைத்தான். உங்கள் விஷயத்தில் ஒரு மாடி இறக்கம், இரண்டு மாடி ஏற்றம், அவ்வளவே. வண்டி மாறுவது, கோடவுனில் இறக்கி மறுபடி ஏற்றுவது எதுவும் இல்லை. தெரிந்த நாலு லோடுமேன் இருந்தால் போதும். கம்பெனிக்காரர் அனுப்புவதும் பல நேரம் அதே மாதிரி ஆட்களைத்தான், சட்டையில் பெயர் அச்சடித்திருக்கும் என்பதைத் தவிர.

இங்கே ஒரு விஷயத்தில் மட்டும் மாமனாரோடு ஒத்துப்போக மாட்டேன். "நாலு ஆள்" என்று அவர் சொல்வது கொழுந்தனையும் அவர் நண்பர்களையும் மனதில் வைத்து என்றால், வேண்டாம். நண்பர்கள் நல்லவர்கள்தான். ஆனால் டபுள் டோர் ஃபிரிட்ஜை படியில் இறக்க கீழே நிற்பவன் எந்தத் தோளைக் கொடுக்க வேண்டும், மேலே இருப்பவன் எப்போது விட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. இடுப்பு பிடித்துக்கொண்டால் ஒரு மாதத்துக்கு ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைய வேண்டும். சாயங்காலம் எல்லோருக்கும் ஆம்பூர் பிரியாணி வாங்கிக் கொடுக்கும் செலவைக் கூட்டிப் பாருங்கள், லோடுமேன் கூலிக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். நண்பர்கள் அட்டைப்பெட்டி தூக்கட்டும், வண்டியோடு கூடப் போகட்டும், புது வீட்டில் நின்று எந்த அறைக்கு எது என்று காட்டட்டும். உண்மையில் அந்தக் கடைசி வேலைக்குத்தான் ஆள் தட்டுப்பாடு வரும்.

அடுத்து வண்டி. குட்டி யானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸ், 2005இல் வந்ததிலிருந்து வீடு மாற்றுகிறவர்களின் வண்டி அதுதான். தாங்கும் எடை முக்கால் டன் சுமார், பின்பக்கத் தொட்டி ஏழடி நீளம் சொச்சம். உங்கள் சாமானுக்கு அது இரண்டு நடை அடிக்கும். பொலேரோ பிக்கப் என்றால் நெருக்கி அடுக்கி ஒன்றரை நடை, அதாவது அதுவும் இரண்டு நடைதான். 14 அடி ஐச்சர் லாரி ஒரே நடையில் முடித்துவிடும். ஆனால் காந்தி நகரில் நீங்கள் போகும் தெருவுக்குள் ஐச்சர் திரும்புமா, மரக்கிளையும் கேபிள் ஒயரும் இடிக்குமா என்று முதல் நாளே ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். இதே கேள்வியை கொசப்பேட்டை, சைதாப்பேட்டை, சலவன்பேட்டை சந்துகளிலிருந்து ஒருவர் கேட்டிருந்தால், ஐச்சரை மறந்துவிடுங்கள் என்று முதல் வரியிலேயே சொல்லியிருப்பேன். அங்கே பெரிய வண்டி மெயின் ரோட்டில் நிற்கும், சாமான் அத்தனையும் நூறடி இருநூறடி தோளில் நடக்கும். ஆள்கூலி அங்கேதான் ஏறும்.

சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிப் பக்கம் போக கிரீன் சர்க்கிளையும் பாலாற்றுப் பாலத்தையும் கடந்தாக வேண்டும். காலை எட்டரையிலிருந்து பத்தரை வரையிலும், சாயங்காலம் ஐந்துக்கு மேலும் அங்கே மாட்டினால் இரண்டாவது நடை இருட்டில்தான் இறங்கும். விடியற்காலை ஆறு மணிக்கு ஏற்ற ஆரம்பியுங்கள். வேலூர் வெயிலுக்கும் அதுதான் மருந்து. மே மாதம் என்றால் பதினோரு மணிக்கு மேல் தூக்குகிறவனுக்கும் முடியாது, பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்கும் முடியாது. அதோடு மே மாதத்தில் விஐடி பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பும் நேரம், காட்பாடிப் பக்கம் சின்ன வண்டிகளுக்குக் கிராக்கி. ஒரு வாரம் முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.

கூலி பேசும்போது "மொத்தம் எவ்வளவு" என்று மட்டும் கேட்டு முடிக்காதீர்கள். சண்டை எல்லாம் அப்புறம் வருவது சொல்லாமல் விட்டதிலிருந்துதான். எந்த மாடியிலிருந்து எந்த மாடிக்கு, லிஃப்ட் உண்டா, வண்டி வாசல் வரைக்கும் வருமா, கட்டில் கழற்றி மாட்டுவது யார், எத்தனை ஆள், இரண்டு நடையா ஒன்றா, டிரைவரும் கை கொடுப்பாரா, இதையெல்லாம் போனிலேயே சொல்லிவிடுங்கள். முடிந்தால் பீரோ, ஃபிரிட்ஜ், கட்டில், மாடிப்படி நான்கையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மாடிக்கூலி தனி என்று கடைசி நேரத்தில் கேட்க அப்புறம் இடம் இருக்காது. காலை டிபனும் டீயும் உங்கள் பொறுப்பு, அதில் கணக்குப் பார்க்க வேண்டாம். நல்லபடியாக இறக்கிவிட்டால் கையில் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள்.

இப்படி நீங்களே ஏற்பாடு செய்வதற்கும் கம்பெனிக்கும் ஊருக்குள் எவ்வளவு வித்தியாசம் வரும்? இரண்டு மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை கேட்பார்கள், அதற்கு மேல் ஜிஎஸ்டி. அந்தக் கூடுதல் காசுக்கு உங்களுக்குக் கிடைப்பது பேக்கிங். அட்டைப்பெட்டி, பபிள் ஷீட், சுற்றுகிற பிளாஸ்டிக் ஃபிலிம், டேப், அதைக் கட்டும் ஆள். அதாவது உங்கள் மூன்று நாள் ராத்திரி வேலை. அந்த மூன்று ராத்திரி உங்களிடம் இல்லை என்றால் கம்பெனி கேட்பது நியாயமான விலைதான். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறீர்கள், மாமியாருக்கு உடம்பு சரியில்லை, பிள்ளைகளுக்குப் பரீட்சை, உதவிக்கு யாரும் இல்லை என்றால் மாமனாரிடம் அதைச் சொல்லிவிட்டு கம்பெனியையே வையுங்கள். கணவரின் ஆபீஸ் மாற்றல் செலவைத் திருப்பித் தருவதாக இருந்தாலும் அப்படித்தான். ஜிஎஸ்டி எண் போட்ட பில் இல்லாமல் ஆபீசில் நகராது, குட்டி யானை டிரைவர் அந்த பில் தரமாட்டார்.

நடுவில் ஒரு வழியும் உண்டு, நான் பலருக்கும் சொல்வது அதைத்தான். துணி, பாத்திரம், புத்தகம், மளிகை இவற்றை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடி, டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆகியவற்றை மட்டும் சுற்றிக் கொடுத்து ஏற்றி இறக்கும்படி கம்பெனியிடம் பேசலாம். சில பேர் ஒத்துக்கொள்வார்கள், கேட்பதில் தப்பில்லை. அட்டைப்பெட்டியை கம்பெனியிடம் புதிதாக விலைக்கு வாங்க வேண்டாம். மளிகைக் கடை, மருந்துக் கடை, புத்தகக் கடையில் கேட்டால் கெட்டியான பெட்டிகள் மலிவாகவே கிடைக்கும். புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி, துணிக்குப் பெரிய பெட்டி. இதை மாற்றிச் செய்கிறவர்கள்தான் அதிகம். பெரிய பெட்டி நிறையப் புத்தகம் அடுக்கிவிட்டு, தூக்கும்போது அடிப்பாகம் கழன்றுவிட்டது என்று லோடுமேனைத் திட்டக்கூடாது. பாத்திரத்துக்குப் பெட்டியே வேண்டாம், பெரிய அண்டாவுக்குள் சின்னது சின்னதாக வைத்து மேலே ஒரு பழைய புடவையைக் கட்டினால் ஆயிற்று. கொலு பொம்மைக்கும் அதே பழைய பருத்திப் புடவைதான் நல்லது. பபிள் ஷீட்டை நேராகச் சுற்றினால் வெயிலில் ஒட்டிக்கொண்டு பெயிண்டோடு உரிந்து வரும். முதலில் துணி, அதன்மேல் வேண்டுமானால் பபிள் ஷீட்.

சாமான்களில் சிலவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், கம்பெனி வைத்தாலும் வைக்காவிட்டாலும்.

ஃபிரிட்ஜை முதல் நாள் இரவே காலி செய்து, அணைத்து, ஐஸ் உருகித் தண்ணீர் வடிந்துவிட வேண்டும். நிற்க வைத்தே கொண்டுபோக வேண்டும். வண்டியில் கேபினை ஒட்டி நிறுத்திக் கட்டச் சொல்லுங்கள். படுக்க வைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் ஏறிவிடும். படியில் சாய்த்து இறக்கியே ஆகவேண்டியிருந்தால் பரவாயில்லை, ஆனால் புது வீட்டில் வைத்த உடனே சுவிட்ச் போடாமல் சில மணி நேரம் நிற்க விடுங்கள். ஃபிரண்ட் லோடு வாஷிங் மெஷினுக்குப் பின்னால், வாங்கும்போது கழற்றித் தந்த நீளமான போல்ட்கள் எங்கேயாவது ஒரு டிராயரில் இருக்கும், தேடி எடுத்துத் திரும்ப மாட்டுங்கள். டிரம் ஆடாமல் பிடிப்பது அவைதான். தொலைந்திருந்தால் சர்வீஸ் சென்டரில் கேட்கலாம். டாப் லோடு என்றால் அந்தக் கவலை இல்லை, உள்ளே இருக்கும் தண்ணீரை மட்டும் வடித்துவிட்டால் போதும்.

ஏசிதான் பெரிய தகராறு. கழற்றுவதற்கு முன் கம்ப்ரஸரை ஓடவிட்டு, வால்வை மூடி, கேஸ் முழுவதையும் வெளியே இருக்கும் யூனிட்டுக்குள் இழுத்து அடைக்க வேண்டும். அதைச் செய்யாமல் ஸ்பானரைப் போட்டுத் திருகினால் கேஸ் எல்லாம் காற்றோடு போய்விடும், புது வீட்டில் மறுபடி நிரப்பக் காசு. மூவர்ஸ் கம்பெனிகள் ஏசியைக் கழற்றி மாட்டுவதை மொத்த விலையில் சேர்ப்பது அபூர்வம். சேர்த்திருந்தாலும் செம்புக் குழாய் நீளம் பற்றவில்லை, சுவரில் துளை போட வேண்டும், ஸ்டாண்டு வேண்டும் என்று தனித்தனியாக வரும். அதனால்தான் வழக்கமாக சர்வீஸ் பண்ணும் மெக்கானிக்கையே வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஒரே ஆள் கழற்றி அவரே மாட்டினால், குறை வந்தால் கேட்க ஒரு முகம் இருக்கும்.

இன்வெர்ட்டர் பேட்டரி பார்க்கச் சின்னது, 150 ஆம்பியர் டியூபுலர் என்றால் ஐம்பது கிலோவைத் தாண்டும், உள்ளே இருப்பது ஆசிட். நேராக நிற்கட்டும், பக்கத்தில் துணி மூட்டை வைக்கக்கூடாது. கிரைண்டரில் கல்லைத் தனியாக எடுத்துவிடுங்கள். பீரோவைக் காலி செய்யாமல் தூக்கச் சொல்லாதீர்கள். உள்ளே புடவைதானே என்று விட்டுவிடுவார்கள், அந்தப் புடவையே முப்பது நாற்பது கிலோ வரும், கதவு கீல் அப்போதுதான் நெளியும். நகை, பத்திரம், ஆதார், பிள்ளைகள் சர்டிபிகேட், மாமனாரின் மருந்துப் பெட்டி இவையெல்லாம் உங்கள் கைப்பையில். இதற்கு விதிவிலக்கே கிடையாது.

கட்டில், அலமாரி விஷயத்தில் மரத்தைப் பாருங்கள். தேக்கோ வேம்போ என்றால் பத்து முறை கழற்றி மாட்டலாம். கடையில் தவணைக்கு வாங்கும் பளபளப்பான பார்ட்டிகிள் போர்டு கட்டிலும் வார்ட்ரோபும் மரத்தூளை அழுத்திச் செய்தவை. ஒருமுறை ஸ்க்ரூவைக் கழற்றினால் அந்தத் துளை தளர்ந்துவிடும், இரண்டாவது முறை மாட்டினால் ஆடும். யார் கழற்றினாலும் அப்படித்தான், கம்பெனி ஆளைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஊருக்குள் மாறும்போது தச்சரை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பெங்களூருக்கு அதைச் சுமந்துபோவது வீண், இங்கேயே விற்றுவிடுங்கள். கம்பெனிக்கு நீங்கள் கொடுப்பது இடத்துக்குக் காசு. வண்டியில் அந்த வார்ட்ரோப் அடைக்கும் இடத்தின் விலை, சில நேரம் வார்ட்ரோபின் விலையையே எட்டிவிடும்.

நாள் பார்ப்பது பற்றியும் ஒரு வார்த்தை. ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கம் குடிபோக மாட்டார்கள், ஆகவே தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் வண்டிக்காரர் சொல்வதுதான் விலை. பலர் செய்யும் உபாயம் இது: நல்ல நாளில் சுவாமி படம், குத்துவிளக்கு, நிறைகுடம், அரிசி, உப்பு, மஞ்சளோடு போய்ப் பால் காய்ச்சிவிட்டு வந்துவிடுவது. சாமான் இரண்டு நாள் கழித்து, கூட்டம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில் போகட்டும். மாமியார் செவ்வாய்க்குச் சம்மதிக்காவிட்டால் புதன். ஐப்பசி, கார்த்திகையில் மாற்றுவதாக இருந்தால் தார்ப்பாய் இருக்கிற வண்டியா என்று கேளுங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம், அந்த மாதத்தில் மெத்தையைத் திறந்த வண்டியில் ஏற்றுவது சூதாட்டம்.

சரி, பெங்களூர்.

வேலூரிலிருந்து பெங்களூர் சுமார் 210 கிலோமீட்டர், அகலமான நெடுஞ்சாலை, ஐந்தாறு மணி நேரத்தில் லாரி போய்விடும். தூரம் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது, உங்கள் சாமான் அதே வண்டியில் நேராகப் போகிறதா என்பதற்குத்தான். விலை குறைவாகச் சொல்கிற கம்பெனி பல நேரம் பங்கு லோடு போடும். உங்கள் சாமானைச் சின்ன வண்டியில் எடுத்துக் கோடவுனில் இறக்கி, வேறு இரண்டு மூன்று பேர் சாமானோடு சேர்த்துப் பெரிய லாரியில் ஏற்றி, அங்கே போய் மறுபடி சின்ன வண்டிக்கு மாற்றுவார்கள். இரண்டு முறை தூக்க வேண்டியது ஆறு முறை ஆகிவிடும். நாளும் தெரியாது. நேர் வண்டி, வேறு யார் லோடும் சேர்க்கக்கூடாது, நடுவில் வண்டி மாற்றக்கூடாது, இன்ன தேதி இறக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். இதற்குச் சில ஆயிரம் கூடக் கொடுக்கலாம். பபிள் ஷீட்டை நாலு சுற்றுச் சுற்றுவதைவிட இதுதான் சாமானைக் காப்பாற்றும்.

நம் ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது. சென்னை பெங்களூர் நெடுஞ்சாலை மேலேயே இருக்கிறோம். பெங்களூர், ஓசூர் பக்கமிருந்து ராணிப்பேட்டைக்கும் சென்னைக்கும் சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற வண்டிகள் எப்போதும் உண்டு. அந்த ரிட்டர்ன் லோடு வண்டியை லாரி புரோக்கர் ஆபீஸ் மூலமாகப் பிடித்தால் வாடகை நன்றாகவே குறையும். பேக்கிங்கும் லோடிங்கும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும், பெங்களூரில் இறக்கவும் ஆள் பிடித்திருக்க வேண்டும். அங்கே தெரிந்தவர்கள் இருந்தால் மட்டும் இந்த வழி. மொழி தெரியாத தெருவில், நாலாவது மாடிக்கு ஆள் தேடி நிற்பதைவிட கம்பெனிக்குக் கொடுப்பது மேல். அபார்ட்மெண்ட் என்றால் முன்கூட்டியே அசோசியேஷன் அனுமதி வேண்டும், சாமான் ஏற்ற லிஃப்டுக்கு நேரம் குறித்திருப்பார்கள், சில இடங்களில் ஞாயிற்றுக்கிழமை விடவே மாட்டார்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் வண்டியை அனுப்பினால் வெயிட்டிங் சார்ஜ் ஓடும்.

கம்பெனி தேடுவதில்தான் ஏமாற்று அதிகம். இணையத்தில் உங்கள் நம்பரைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் பத்துப் பேர் கூப்பிடுவார்கள். அதில் பாதிப் பேர் வண்டியே இல்லாத இடைத்தரகர்கள். பெரிய கம்பெனியின் பெயரில் ஒரு எழுத்தை மாற்றி வைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. வழக்கமான நாடகம் இப்படி நடக்கும்: போனில் மிகக் குறைந்த விலை. சாமான் எல்லாம் வண்டியில் ஏறிய பிறகு, "நீங்க சொன்னதைவிட லோடு அதிகம் சார்" என்று இரண்டு மடங்கு. கொடுக்காவிட்டால் இறக்க மாட்டேன் என்று நடுவழியில் போன். இதற்கு மருந்து, நேரில் வந்து வீட்டைப் பார்த்துச் சாமான் பட்டியல் எழுதாதவரிடம் பேசவே கூடாது. அல்லது வீடியோ காலிலாவது அலமாரி திறந்து, லாஃப்டில் இருப்பது உட்படக் காட்டியிருக்க வேண்டும். லாஃப்டை மறைத்துவிட்டு அப்புறம் சண்டை போடுவது நம் பக்கத் தப்பு.

அவர்கள் தரும் ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், காசு கிடையாது. உரிமையாளர் பெயர், எப்போது பதிவு செய்தது, இன்னும் உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா, எல்லாம் வரும். பில்லில் இருக்கும் பெயரும் நீங்கள் யுபிஐயில் பணம் போடும் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்பணம் கொஞ்சமாக, பெரும்பகுதி இறக்கிய பிறகு. விலையில் பள்ளிகொண்டாவில் தொடங்கி வழியில் வரும் டோல்கேட் கட்டணம் எல்லாம், டிரைவர் பேட்டா, இரண்டு பக்க மாடிக்கூலி, ஜிஎஸ்டி அடக்கமா என்று கேளுங்கள். "மாநிலம் தாண்டுவதால் இ-வே பில் கட்டணம்" என்று ஒரு தொகை போட்டிருந்தால் கொடுக்க வேண்டாம். பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில்லே தேவையில்லை, விதியிலேயே விலக்கு இருக்கிறது. செக்போஸ்ட் வரி என்று கேட்டாலும் அப்படித்தான், விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் 2017இல் ஜிஎஸ்டி வந்தபோதே போய்விட்டன.

இன்சூரன்ஸ் என்று சாமான் மதிப்பில் நூற்றுக்கு இவ்வளவு என ஒரு தொகை சேர்ப்பார்கள். கொடுப்பதற்கு முன் ஒரே கேள்வி: எந்த இன்சூரன்ஸ் கம்பெனி, பாலிசி எண் என்ன, என் பெயரில் சர்டிபிகேட் வருமா? பதிலில் தடுமாறினால் அது இன்சூரன்ஸ் கிடையாது, அவர்கள் பாக்கெட்டுக்குப் போகும் காசு. உண்மையான பாலிசியிலும் பார்க்க வேண்டியது உண்டு. எல்லா ஆபத்துக்கும் சேர்த்தது ஒரு வகை. தீ, விபத்து, வண்டி கவிழ்வது மாதிரியானவற்றுக்கு மட்டும் தருவது இன்னொரு வகை. இரண்டாவதில், படியில் தூக்கும்போது டிவி உடைந்தால் ஒன்றும் வராது. உடைவது படியில்தான் என்று மேலே சொன்னேனே, அதற்காகத்தான் இதைக் கேட்கச் சொல்கிறேன்.

சாமான் ஏற்றும் முன் ஒவ்வொன்றையும் போட்டோ எடுங்கள், டிவியை ஓடவிட்டு வீடியோ எடுங்கள். பெட்டிகளுக்கு எண் போட்டு, பட்டியலில் இரண்டு பக்கமும் கையெழுத்து. லாரி ரசீதில் சாமானின் மதிப்பை எழுத வையுங்கள். 2007ஆம் ஆண்டு சாலை வழிச் சரக்குச் சட்டமும் அதன் 2011 விதிகளும் சொல்வது, அதிக மதிப்பு அறிவித்து அதற்கான கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், இழப்புக்கு லாரிக் கம்பெனியின் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்கோடு நின்றுவிடும் என்று. அதுவும் நீங்கள் எழுதிய மதிப்புக்கு மேல் போகாது. மதிப்பைக் குறைத்து எழுதினால் இன்சூரன்ஸ் கட்டணம் குறையும் என்று கம்பெனி ஆள் ஆசை காட்டுவார், கேட்காதீர்கள். உடைந்திருந்தால் இறக்கும் இடத்திலேயே ரசீதில் எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். வழக்குக்குப் போவதாக இருந்தால் புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் சொல்லுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இணையத்திலேயே மனுப் போடலாம். வக்கீல் இல்லாமலும் நீங்களே பேசலாம்.

கடைசியாக இரண்டு சாமான், கம்பெனி வண்டியில் ஏற்றக் கூடாதவை. ஒன்று கேஸ் சிலிண்டர். காந்தி நகர் வேறு ஏஜென்சியின் எல்லையில் வந்தால் இணைப்பை அங்கே மாற்றக் கேட்டால் போதும், சிலிண்டரைத் திருப்பித் தர வேண்டியதில்லை. பெங்களூருக்கு என்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் இங்கேயே ஒப்படைத்து, டெபாசிட்டையும் மாற்றல் சீட்டையும் வாங்கிக்கொண்டு அங்கே புதிதாகக் கட்ட வேண்டும். இன்னொன்று பைக். கம்பெனி ஏற்றிக்கொள்ளும் என்று சொன்னாலும் வீட்டுச் சாமானோடு ஒரே வண்டியில் வேண்டாம், கைப்பிடி எதையாவது குத்திவிடும். காட்பாடி ஜங்ஷன் பார்சல் ஆபீசில் ஆர்சி நகலும் அடையாள அட்டையும் கொடுத்து, பெட்ரோலை வடித்துவிட்டு, கோணி சுற்றிப் புக் செய்யலாம். கணவருக்கு விருப்பம் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிளம்பி ஓட்டிக்கொண்டே போய்விடலாம், கிருஷ்ணகிரியில் டிபன்.